படையலை ஏற்பவர் யார்? பண்டைச் சீனரின் சமயமும் மெய்யியலும்

பண்டைச் சீனர்களுக்குக் கடவுள் நம்பிக்கை இருந்ததா, அல்லது கன்பூசியஸ், லாவோட்சு முதலியோரின் மெய்யியலே அவர்களுக்குச் சமயமாக இருந்ததா என்பது கேள்வி. கேள்வியின் நடுவே நிற்கும் 'அல்லது' என்ற சொல்லை எடுத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். படையல் இடுபவர்கள் ஒரு பக்கமும் சிந்தனையாளர்கள் மறுபக்கமுமாகப் பிரிந்து நின்ற நாடன்று அது. இறந்த முன்னோருக்கு உணவும் மதுவும் படைக்கும் பழைய சடங்கு முதலில் இருந்தது. அந்தப் படையலை யாரேனும் ஏற்றுக்கொள்கிறார்களா, ஏற்பார் எவரும் இல்லையென்றாலும் அதைச் செய்யத்தான் வேண்டுமா, செய்கிறவருக்குள் அது என்ன மாற்றத்தை உண்டாக்குகிறது என்ற விவாதத்திலிருந்தே சீன மெய்யியலின் பெரும்பகுதி கிளைத்தது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைக் கால வரிசையில் சொல்கிறேன்.

அதற்கு முன் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. 'மதம்' என்பதற்குச் சீனத்தில் இன்று வழங்கும் 'சொங்ஜியாவ்' என்ற சொல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானிய வழக்கிலிருந்து வந்து நிலைத்தது. பண்டைக்காலத்தவர் தங்கள் நெறியைக் குறிக்கப் பயன்படுத்திய முதன்மையான சொல் 'லி'. சடங்கு, முறைமை, மரியாதை ஆகிய எல்லாவற்றையும் ஒருங்கே குறிக்கும் அந்தச் சொல்லின் எழுத்துவடிவத்திலேயே படையல் பாத்திரம் ஒன்று அடங்கியிருக்கிறது. நம் கேள்வியும் புதியதன்று. 1601 முதல் பெய்ஜிங்கில் வாழ்ந்த இத்தாலிய இயேசு சபைப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி, முன்னோருக்குச் செய்யும் சடங்கு குடும்ப மரியாதையே தவிர வழிபாடு ஆகாது என்று வாதிட்டார். அவருக்குப் பின் வந்த மற்றச் சபைப் பாதிரிமார்கள் அதை மறுத்தனர். வழக்கு ரோமாபுரி வரை போய், 1715இல் போப்பாண்டவர் பதினோராம் கிளமெண்ட் சீனக் கிறிஸ்தவர்கள் அச்சடங்குகளைச் செய்யக் கூடாது என்று உறுதியாக ஆணையிட்டார். 1939இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. வழிபாடா, மரியாதையா என்று வெளியிலிருந்து வந்தவர்கள் முந்நூறு ஆண்டுகள் தீர்க்க முடியாமல் தவித்ததற்குக் காரணம், அந்தப் பிரிவினையே சீனச் சடங்கின் உள்ளே இல்லாததுதான்.

நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று ஷாங் வம்சத்தின் குறி எலும்புகள். மருந்துச் சரக்காக 'டிராகன் எலும்பு' என்று விற்கப்பட்டுவந்த எலும்புத் துண்டுகளில் பழைய எழுத்துகள் இருப்பதை 1899இல் வாங் யிரோங் என்ற அறிஞர் உணர்ந்தார். 1928இல் ஆன்யாங் நகருக்கு அருகே முறையான அகழாய்வு தொடங்கியது. இன்றைக்கு ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன் ஷாங் அரசர்கள் தலைநகர் அமைத்திருந்த இடம் அது. ஆமையின் அடியோட்டையோ மாட்டின் தோள்பட்டை எலும்பையோ சுத்தம் செய்து, பின்புறத்தில் வரிசையாகச் சிறு குழிகள் குடைவார்கள். அரசனின் கேள்வியைக் குறி கேட்பவர் சொல்லிவிட்டு, குழியில் கனலும் கோலை வைத்து அழுத்துவார். சூடேறியதும் முன்புறத்தில் ஒரு நெட்டுக் கோடும் அதிலிருந்து பக்கவாட்டில் கிளைக்கும் சிறு கோடுமாக ஓடு வெடிக்கும். 'குறி கேட்டல்' என்பதைக் குறிக்கும் 'பு' என்ற சீன எழுத்து இன்றும் அந்த வெடிப்பின் உருவத்தையே கொண்டிருக்கிறது. அதன் பழைய ஒலிப்பு ஓடு வெடிக்கும் ஓசையைப் போன்றது என்று கருதுவோரும் உண்டு. வெடிப்பின் போக்கைப் பார்த்து அரசன் பலன் சொல்வான். பிறகு கேள்வியும், சிலவற்றில் பலனும், நடந்த நிகழ்வும் அந்த ஓட்டிலேயே செதுக்கப்படும்.

ஓர் ஓட்டை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். அரசன் வு டிங்கின் மனைவியரில் ஒருவரான ஃபு ஹாவோ கருவுற்றிருக்கிறார். 'ஜியாஷென்' நாளில் சுவே என்ற குறிகேட்பவர் கேட்கிறார்: ஃபு ஹாவோவின் பேறு நல்லபடியாக இருக்குமா? அரசன் வெடிப்பைப் பார்த்து, 'டிங்' நாளில் பிறந்தால் நன்று, 'கெங்' நாளில் பிறந்தால் பெருநன்மை என்கிறான். அதன்கீழ் நடந்தது பதிவாகியிருக்கிறது: முப்பத்தொரு நாள் கழித்து 'ஜியாயின்' நாளில் பிறந்தது, நன்றாக அமையவில்லை, பெண் குழந்தை. இந்தக் கடைசிச் சொல்லில் உள்ள கொடுமையை எத்தனை முறை படித்தாலும் என்னால் எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை. பெண் பிறந்தது நல்லதன்று என்று எழுதவைத்த அதே அரசவையில் அந்த ஃபு ஹாவோ படை நடத்தியிருக்கிறார், சடங்குகளுக்குத் தலைமை தாங்கியிருக்கிறார். 1976இல் கொள்ளையர் கைபடாமல் கண்டெடுக்கப்பட்ட அவருடைய கல்லறையில் 468 வெண்கலப் பொருள்களும் 755 பச்சைமணிக் கற்பொருள்களும் இருந்தன. அவருடன் 16 மனிதர்களும் 6 நாய்களும் பலியாகப் புதைக்கப்பட்டிருந்தனர். ஷாங் சமயத்தின் இந்த முகத்தை மறைத்துப் பேசக் கூடாது. மேற்கிலிருந்து சிறைபிடித்துவந்த சியாங் மக்களை முன்னோருக்குப் பலியிடலாமா என்று கேட்கும் குறி எலும்புகள் பல உள்ளன.

அவர்களுடைய தெய்வ வரிசையில் உச்சியில் இருந்தவர் 'டி' அல்லது 'ஷாங்டி', அதாவது மேலுலகின் தலைவர். மழையும் காற்றும் இடியும் விளைச்சலும் போர் வெற்றியும் அவர் கையில். ஆனால் அவருக்கு நேரடியாகப் படையல் இட்டதாகத் தெளிவான சான்று அரிது. இறந்த அரசர்களே அவரை அணுகக் கூடியவர்கள். உயிரோடிருக்கும் அரசன் தன் தந்தையிடமும் பாட்டனிடமும் கேட்பான், அவர்கள் மேலே எடுத்துச் சொல்வார்கள். முன்னோர்கள் அருள்பவர்களாக மட்டும் இருக்கவில்லை. அரசனுக்குப் பல் வலித்தால், அந்த வலியைத் தந்தது இறந்துபோன தந்தையா, தந்தையின் உடன்பிறந்தாரில் ஒருவரா என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் குறி கேட்டிருக்கிறார்கள். யார் என்று தெரிந்தால்தானே உரிய படையலைக் கொடுத்து அவரைத் தணிக்க முடியும்?

பொதுயுகத்துக்கு முன் 1046ஐ ஒட்டி, மேற்கிலிருந்து வந்த சௌ மக்கள் ஷாங் அரசை வீழ்த்தினர். இங்கேதான் முதல் பெரிய சிந்தனைத் திருப்பம் நிகழ்ந்தது. இத்தனை படையலை இடைவிடாது பெற்றுவந்த முன்னோரும் மேலுலகத் தலைவரும் ஷாங் குலத்தை ஏன் கைவிட்டனர்? சௌ மக்கள் தந்த விடை 'தியான்மிங்', அதாவது வானின் ஆணை. 'தியான்' என்ற வானம் ஒரு குலத்துக்கு மட்டும் உறவானதன்று. ஒழுக்கமுள்ளவனிடம் ஆட்சியைத் தரும், அவன் வழிமாறினால் பறித்து வேறொருவனிடம் தரும். 'வானின் ஆணை நிலையானதன்று' என்று பழைய பாடல் தொகை வெளிப்படையாகவே கூறுகிறது. வென்றவர்கள் தம் வெற்றியை நியாயப்படுத்தச் சொன்ன அரசியல் வாதம்தான் இது. ஆனாலும், படையலின் அளவைக் காட்டிலும் படைப்பவனின் நடத்தை முக்கியம் என்ற எண்ணம் இதன் வழியே சீன மனத்தில் குடியேறியது. எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் கன்பூசியஸின் வழிவந்த சிந்தனையாளர் மென்சியஸ் இதைக் கூராக்கினார்: வானம் பேசுவதில்லை, மக்களின் கண்ணால் பார்க்கிறது, மக்களின் காதால் கேட்கிறது. ஷாங் வம்சத்தின் கடைசி மன்னனைக் கொன்றது ராஜத் துரோகம் ஆகாதா என்று ஓர் அரசன் அவரிடம் கேட்டபோது, 'ஒரு தனி ஆள் தண்டிக்கப்பட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், அரசன் கொல்லப்பட்டதாகக் கேள்விப்படவில்லை' என்றார்.

சௌ காலப் படையலில் இன்னொரு வழக்கம் இருந்தது. இறந்தவரின் இடத்தில் ஒரு பிள்ளையை, பெரும்பாலும் பேரன் முறையில் உள்ளவனை, அமர்த்துவார்கள். அவனே அந்த முன்னோராக உண்பான், மதுவருந்துவான், குடும்பத்தை வாழ்த்துவான். பாடல் தொகையில் உள்ள ஒரு நீண்ட பாடல் இதைக் காட்சியாகவே விவரிக்கிறது: ஆடுமாடுகளை அறுப்பது, சமைப்பது, கிண்ணங்கள் கைமாறுவது, இறுதியில் 'ஆவிகள் எல்லாம் மதுவில் நிறைந்தன' என்று அறிவிக்கப்படுவது, மணியும் முரசும் முழங்க அந்தப் பிரதிநிதி எழுந்து விடைபெறுவது. தாத்தாவின் இருக்கையில் பேரன் அமர்ந்திருக்க, தந்தை மகனை வணங்கும் அந்த வீட்டில், படைப்பவரும் ஏற்பவரும் ஒரே குடும்பம்தான் என்பது கண்முன்னே நிற்கிறது.

கன்பூசியஸ் (பொ.யு.மு. 551–479) இந்த உலகத்தில் பிறந்தவர். லூ நாட்டின் சுஃபு ஊரைச் சேர்ந்த அவர் புதிய சமயம் எதையும் நிறுவவில்லை. பழைய சௌ முறைமைகளைக் கற்றுத் தருபவராகவே தம்மைக் கருதினார். ஆவிகளுக்கு எப்படித் தொண்டு செய்வது என்று ட்சுலு என்ற மாணவர் கேட்டபோது, மனிதருக்கே இன்னும் தொண்டு செய்யத் தெரியாத நீ ஆவிகளுக்கு எப்படிச் செய்வாய் என்றார். இறப்பைப் பற்றிக் கேட்டதற்கு, வாழ்வையே இன்னும் அறியாதபோது இறப்பை எப்படி அறிவாய் என்றார். இந்த இரண்டு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை நாத்திகர் என்பது தவறு. அவருடைய கூற்றுகளைத் தொகுத்த நூலின் இன்னொரு பகுதி, முன்னோருக்குப் படைக்கும்போது அவர்கள் எதிரில் இருப்பதுபோலவே அவர் படைத்தார் என்கிறது. தாம் நேரில் கலந்துகொள்ளாவிட்டால் படைக்காதது போலத்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். 'இருப்பதுபோல' என்ற அந்தச் சொல்லில்தான் அவருடைய சமயம் முழுவதும் இருக்கிறது. இருக்கிறார்களா என்ற கேள்விக்கு விடை தேடி அவர் நிற்கவில்லை. இருப்பதுபோல நிற்கும் மனிதனின் உள்ளம் எப்படிப் பதப்படுகிறது என்பதையே பார்த்தார்.

இதைத் துல்லியமாகக் காட்டும் ஓர் உரையாடல் உண்டு. பெற்றோர் இறந்தால் மூன்றாம் ஆண்டு வரை துக்கம் காப்பது வழக்கம். சாய் வோ என்ற மாணவர் ஓராண்டு போதும் என்கிறார். ஓராண்டில் பழைய தானியம் தீர்ந்து புதியது விளைந்துவிடுகிறது; தீக்கடைகோலுக்கான மரமும் ஒரு சுற்று மாறிவிடுகிறது; மூன்றாண்டு ஒதுங்கியிருந்தால் முறைமையும் இசையும் கெட்டுப்போகும் என்பது அவர் வாதம். கன்பூசியஸ் மறுவாதம் எதுவும் செய்யவில்லை. 'ஓராண்டு கழித்து நல்ல அரிசிச் சோறு உண்டு, பட்டாடை உடுத்தினால் உன் மனம் அமைதியாக இருக்குமா?' என்று மட்டும் கேட்கிறார். 'இருக்கும்' என்கிறார் சாய் வோ. 'அப்படியானால் செய்.' மாணவர் வெளியே போனபின், குழந்தை பிறந்து மூன்றாண்டு ஆனபிறகே பெற்றோரின் கையிலிருந்து இறங்குகிறது, அந்த மூன்றாண்டு அன்பை இவன் தன் பெற்றோரிடம் பெறவில்லையா என்று ஆசிரியர் வருந்துகிறார். வானத்தின் கட்டளை என்றோ, செய்யாவிட்டால் ஆவி தண்டிக்கும் என்றோ அவர் சொல்லவில்லை. சடங்கின் வேர் 'ரென்' என்ற மனித அன்பில் இருக்கிறது என்பதே அவருடைய நிலை. இதைவிட ஆழமான ஒரு சமய உரையாடல் அக்காலச் சீன நூல்களில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த நிலையில் ஒரு முரண் இருக்கிறது என்பதை உடனே கண்டுபிடித்தவர்கள் மோட்சுவின் வழிவந்தவர்கள். பொ.யு.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த மோட்சு, ஆவிகள் இல்லை என்று சொல்லிக்கொண்டே படையல் முறைகளைக் கற்பது விருந்தினரே இல்லாமல் விருந்தோம்பல் கற்பதைப் போன்றது, மீனே இல்லாத இடத்தில் வலை பின்னுவதைப் போன்றது என்றார். அவருக்கு வானம் விருப்பமுள்ளது. மக்கள் ஒருவரையொருவர் வேறுபாடின்றி நேசிக்க வேண்டும் என்பதே அந்த விருப்பம். ஆவிகள் உண்மையில் உள்ளன. நல்லவருக்கு நன்மையும் தீயவருக்குத் தண்டனையும் தருகின்றன. ஒருவேளை அவை இல்லையென்றே வைத்துக்கொண்டாலும் படைத்த மதுவும் சோறும் சாக்கடையில் கொட்டப்படுவதில்லை, உறவினரும் ஊராரும் கூடி உண்டு மகிழ்கிறார்கள் என்ற துணைவாதத்தையும் அவர் நூல் சேர்க்கிறது. அதே மோட்சு ஆடம்பர ஈமச்சடங்கைக் கடுமையாக எதிர்த்தார். பிணத்துக்கு மூன்று ஆடைகளும் மூன்று அங்குலப் பலகைப் பெட்டியும் போதும் என்றார். ஏழைக் குடியானவன் செல்வத்தையெல்லாம் மண்ணில் புதைத்துவிட்டுப் பட்டினி கிடப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

மோட்சுவின் சவாலுக்கு முழுமையான விடை தந்தவர் பொ.யு.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கன்பூசிய வழி அறிஞர் ஷுன்ட்சு. இவர் துணிந்து சொன்னார்: வானின் போக்கு மாறாதது, நல்லரசன் யாவோவுக்காக அது இயங்குவதும் இல்லை, கொடுங்கோலன் ஜியேவுக்காக நின்றுபோவதும் இல்லை. மழை வேண்டிச் சடங்கு செய்தபின் மழை பெய்தால் அதற்குப் பொருள் என்ன? ஒன்றுமில்லை, சடங்கு செய்யாமலே பெய்வதைப் போன்றதுதான் என்கிறார். அப்படியானால் சடங்கை விட்டுவிடலாமே என்றால், கூடாது என்கிறார். படையல் என்பது நினைவும் ஏக்கமும் வெளிப்படும் வழி. இறந்தவரை நினைத்துத் திடீரென்று பொங்கும் துயரம் போவதற்கு ஒரு வழி வேண்டும். உருவமும் நிழலும் இல்லாததற்கு உருவம் தருவதே படையல். பண்பட்டவர் அதை மனித நெறியாகக் கொள்கிறார், பொதுமக்கள் அதை ஆவிகளின் காரியமாகக் கொள்கிறார்கள் என்ற அவருடைய வரி, பிற்காலச் சீனாவில் படித்தோரும் பாமரரும் ஒரே சடங்கில் மனவேறுபாடின்றிக் கலந்துகொள்ள முடிந்ததன் இரகசியத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டது.

எல்லாச் சடங்கையும் அறிஞர்கள் இப்படிப் போற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தனக்கு உரியதல்லாத ஆவிக்குப் படைப்பது முகத்துதி என்றார் கன்பூசியஸ். வெய் நாட்டில் யே என்ற ஊருக்கு அதிகாரியாக வந்த ஷிமென் பாவோவின் கதை புகழ்பெற்றது. அங்கே ஆற்றுத் தேவனுக்கு மணமகள் என்று சொல்லி ஆண்டுதோறும் ஒரு பெண்ணை அலங்கரித்து ஆற்றில் விடுவார்கள். பூசாரிணியும் ஊர்ப் பெரியவர்களும் அதன் பெயரால் மக்களிடம் பணம் பறிப்பார்கள். ஷிமென் பாவோ கரைக்கு வந்து, இந்தப் பெண் அழகாக இல்லை, வேறு பெண் வருவாள் என்று தேவனிடம் போய்ச் சொல்லிவிட்டு வா என்று பூசாரிணியையே ஆற்றில் தள்ளச் சொன்னார். அவள் திரும்பவில்லை என்று அடுத்தடுத்து அவளுடைய சீடர்களும் போனார்கள். அந்த வழக்கம் அத்துடன் நின்றது. அவர் வாய்க்கால்கள் வெட்டி அந்த ஆற்று நீரை வயலுக்குத் திருப்பினார்.

'தாவோ' என்ற வழியைப் பற்றிப் பேசிய லாவோட்சுவையும் சுவாங்ட்சுவையும் பொதுவாக இந்தப் படையல் விவாதத்துக்கு வெளியே வைத்துப் பேசுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. லாவோட்சுவின் பெயரால் வழங்கும், 81 சிறு பகுதிகள் கொண்ட தாவோ நூலின் நான்காம் பகுதி, தாவோ யாருடைய பிள்ளை என்று அறியேன், அது 'டி'க்கும் முந்தியதாகத் தோன்றுகிறது என்கிறது. ஷாங் அரசர்கள் முன்னோர் வழியாக மன்றாடிய அதே 'டி'தான். குல முதல்வனை உச்சியில் வைத்த ஒரு நாகரிகத்திடம், அந்த முதல்வனுக்கும் முன்னால் பெயரற்ற ஒன்று இருக்கிறது, அதற்குப் படைக்க ஒன்றுமில்லை, அதனிடம் கேட்க ஒன்றுமில்லை என்று சொல்வது எத்தனை பெரிய துணிவு! ஐந்தாம் பகுதி, வானமும் மண்ணும் எல்லா உயிர்களையும் வைக்கோல் நாய்களாக நடத்துகின்றன என்கிறது. வைக்கோல் நாய் என்பது சடங்குப் பொருள். படைப்பதற்கு முன் அதைப் பெட்டியில் வைத்துப் பூவேலைத் துணியால் போர்த்திக் காப்பார்கள், சடங்கு முடிந்தபின் வழிப்போக்கர் அதன் தலையையும் முதுகையும் மிதித்துச் செல்வார்கள், புல் பொறுக்குபவர் எடுத்து எரிப்பார் என்று சுவாங்ட்சுவின் நூல் விளக்குகிறது. வெறுப்பும் இல்லை, விருப்பும் இல்லை. பருவம் வந்தால் போற்றப்படும், பருவம் போனால் கழியும்.

சுவாங்ட்சு இன்னும் மேலே போகிறார். மனைவி இறந்தபோது அவர் காலை நீட்டி உட்கார்ந்து, மண்பாண்டத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார். நண்பர் ஹுய்ட்சு கடிந்துகொண்டார். அவள் இறந்த முதல் கணத்தில் நான் துயரப்படாமல் இருப்பேனா என்று தொடங்கி, அவள் பிறப்பதற்கு முன் உயிரும் உருவும் 'ச்சி' என்ற மூச்சாற்றலும் இல்லாத நிலை இருந்தது, ஒன்று மாறி இன்னொன்றாகி உயிரானது, இப்போது மாறி இறப்பானது, வசந்தமும் கோடையும் இலையுதிர்காலமும் பனிக்காலமும் மாறுவதைப் போல என்று அவர் விளக்கினார். தாம் சாகும் தறுவாயில் சீடர்கள் பெரிய ஈமச்சடங்கு செய்ய விரும்பியபோது, வானமும் மண்ணும் என் சவப்பெட்டி என்று மறுத்தார். காக்கையும் பருந்தும் தின்றுவிடுமே என்றனர். மேலே விட்டால் காக்கைக்கு, புதைத்தால் எறும்புக்கு. ஒருவரிடம் பறித்து மற்றவருக்குக் கொடுக்கும் ஓரவஞ்சனை எதற்கு என்றார்.

இருள்–ஒளி போன்ற எதிரிணைகளைப் பேசும் யின்–யாங் கோட்பாடு, ஐம்பூதக் கோட்பாடு ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கலாம். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தும் ஒன்றையொன்று வென்று சுழல்கின்றன என்ற கருத்தை அரச வம்சங்களின் மாற்றத்துக்குப் பொருத்தியவர் ட்சோவ் யென், பொ.யு.மு. 221இல் சீனாவை ஒன்றாக்கிய சின் பேரரசர் தம் ஆட்சி நீருக்குரியது என்று கொண்டு கறுப்பு நிறத்தை ஏற்றார். 64 குறியுருவங்கள் கொண்ட 'யி' நூல் குறி கேட்கும் கையேடாகத் தொடங்கி, பிற்கால உரைகளால் மெய்யியல் நூலாக உயர்ந்தது. கோயிலும் குருமாரும் கொண்ட தாவோ சமயம் பொ.யு. 142இல் சிச்சுவான் பகுதியில் சாங் தாவோலிங்கிடமிருந்து தொடங்குவதாக மரபு கூறுகிறது. லாவோட்சுவைத் தெய்வமாக்கிய அந்தச் சமயத்தையும் மேலே சொன்ன பழைய நூல்களையும் ஒன்றெனக் கொள்வது தவறு. பௌத்தம் சீனாவில் கால்பதித்ததும் ஏறத்தாழ அந்நூற்றாண்டுகளில்தான். அது தனிக் கட்டுரைக்குரியது.

இனி, 'அல்லது' என்ற சொல்லை ஏன் எடுக்கச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் உள்ள மிக வலுவான சான்று. ஹுனான் மாநிலம் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய் என்ற இடத்தில் 1972 முதல் 1974 வரை ஒரு ஹான் காலக் குடும்பத்தின் மூன்று கல்லறைகள் அகழப்பட்டன. முதலாவதில் டாய் பிரபுவின் மனைவி ஷின் சூயின் உடல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் தசை மென்மை மாறாமல் இருந்தது; இறப்பதற்குச் சற்றுமுன் உண்ட முலாம்பழத்தின் விதைகள் வயிற்றுப் பாதையில் கிடந்தன. உட்பெட்டியின் மேல் விரித்திருந்த பட்டுக் கொடியில், கீழே நீருலகும் நடுவே கைத்தடியுடன் நிற்கும் முதிய அம்மையாரும் மேலே காக்கை அமர்ந்த சூரியனும் தேரையுள்ள நிலவும் வரையப்பட்டிருந்தன. பொ.யு.மு. 168இல் மூடப்பட்ட மூன்றாம் கல்லறை அவருடைய மகனுடையது என்று கருதப்படுகிறது. அதிலிருந்த அரக்குப் பெட்டிக்குள், பட்டில் எழுதிய தாவோ நூலின் இரண்டு படிகளும் 'யி' நூலின் படியும் வைக்கப்பட்டிருந்தன. படைக்க ஒன்றுமில்லாத பெயரற்ற ஒன்றைப் பற்றிப் படித்த குடும்பம்தான், தாயின் கல்லறையில் சமைத்த உணவையும் அரக்குக் கிண்ணங்களையும் வரிசையாக அடுக்கி வைத்தது. அந்தக் கிண்ணங்களின் உட்புறத்தில் 'அருள்கூர்ந்து உண்க' என்று எழுதியிருக்கிறது. மதுக் கிண்ணங்களில் 'அருள்கூர்ந்து அருந்துக' என்று எழுதியிருக்கிறது.